தேங்காயின் முகம்

நாருரித்த தேங்காயின் குடுமியைக் களைந்து நோக்கினால் மூன்று குழிகள் தோன்றும். அவற்றைக் கண் என்பது நம் வழக்கு. தெங்கின் சூலகம் மூன்று அறைகளாலாயது. அவற்றுள் ஒன்றே வித்தாய் முற்றும். முளை வெளிப்படும் மெல்லிய கண் அதற்குரியது. மற்றையிரண்டும் முற்றாதொழிந்த அறைகளின் சுவடுகள். இயற்கை செய்தது இவ்வளவே. எஞ்சிய முகத்தைச் செய்தவன் மனிதன்.

அம்முகம் யாருடையது? பிள்ளையார் தந்தையின் தலையையே கேட்டு நிற்க, சிவபெருமான் தம்மைப்போல் முக்கண்ணுடைய தேங்காயைப் படைத்தளித்தார் என்பது செவிவழிக் கதை. தெல்லிப்பழை, மாவிட்டபுரம் முதலிய நம்மயற் கோயில்களிற் சிதறுதேங்காய் அடிப்போர் பலரும் இக்கதையை அறிவர்.

மேனாட்டார் முன்னாளில் இதனை 'இந்தியக் கொட்டை' என்றே அழைத்தனர். மார்க்கோ போலோவும் அவ்வாறே குறித்தார். அப்பெயரில் ஊருண்டு, முகமில்லை. போர்த்துக்கேய மாலுமிகள் வந்தபின்னரே 'கொக்கோ' என்னும் பெயர் எழுந்தது. அதன் காரணத்தை 1563ஆம் ஆண்டில் வெளிவந்த இரு நூல்கள் கூறுகின்றன. இந்தியாவை ஒருபோதும் கண்டிராத வரலாற்றாசிரியர் பாறோஸ், இரு வட்டக் கண்களுக்கிடையே ஒரு மூக்கினைக் கண்டு, தாய்மார் பிள்ளைகளை வெருட்டச் சொல்லும் பூச்சாண்டியின் பெயரே அது என்றார். கோவாவில் வாழ்ந்த வைத்தியர் ஓர்த்தாவோ அதனைக் குரங்கு முகம் என்றார். குழி மூன்றே, நாம் மூன்று கண்ணென எண்ணியதை, பாறோஸ் இரண்டு கண்ணும் ஒரு மூக்கும் என எண்ணினார்!

முகங்காணும் இவ்வியல்பு கற்றுவருவதன்று. பிறந்து சில நிமிடங்களேயான குழந்தைகள், உறுப்புக்கள் இடம்மாறிக் கலைந்த படத்தினும், முகம்போல் வரைந்த படத்தையே மிகுதியாகத் தலைதிருப்பித் தொடர்ந்தன என்பது 1975இல் வெளியான ஆய்வொன்றின் முடிபு. முகம்போன்ற பொருளைக் கண்டபோது மூளை ஏறக்குறைய 165 மில்லிசெக்கனில், உண்மை முகத்தைக் கண்டாற்போலவே துலங்குவதை 2009இல் மற்றோர் ஆய்வு காட்டிற்று. ஆராய்ந்து தெளியுமுன் முகம் தோன்றிவிடுகிறது. பகைவனைக் காணத் தவறுதலினும், பாறையைப் பகைவனென மயங்குதல் கேடு குறைந்ததன்றோ? ஆயின், கண்ட முகத்துக்குப் பெயரிடுவது அவரவர் வளர்ந்த வீடேயாம்.

பொருளில் முகங்காணும் மனம், ஒரு முகத்தில் வேறொரு முகத்தையுங் காணும். 1498இல் கள்ளிக்கோட்டையை அடைந்த வாஸ்கோ ட காமாவின் கூட்டத்தார் ஓர் இந்துக் கோயிலைத் தம் தேவாலயமென மயங்கி, ஆங்கிருந்த திருவுருவை மரியன்னையெனக் கருதி வணங்கினர். சுவரோவியங்களிற் பல கைகளும் நீண்ட பற்களும் இருந்தமை அவர்தம் பயணக்குறிப்பிலேயே உளது. இருந்தும் ஐயம் மேலிடவில்லை. 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது. 1621இல் ஒலிவேறா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தான். கள்ளிக்கோட்டையில் தாய்முகங் கண்டோரின் வழிவந்தவர்க்கு நல்லூரிற் பேய்முகமே தெரிந்தது போலும்.

அக்கோயில் பின்னர் மீண்டும் எழுந்தது. தேங்காயின் பெயரோ மாறவில்லை. 1753இல் லின்னேயசு அதற்குக் 'கொக்கோசு நியூசிபெரா' என்று பெயரிட்டார். தாவரவியல் வகுப்பில் நம் மாணவர் மனனஞ்செய்யும் அப்பெயருள், லிசுபன் தாய்மாரின் பூச்சாண்டி இன்றும் ஒளிந்திருக்கிறான்.