தகாயாசு தமனி அழற்சி

தகாயாசு தமனி அழற்சி ஓர் அரிய தன்னெதிர்ப்பு நோய். உடலின் நோயெதிர்ப்பு அணுக்கள் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியையும் அதன் பெரிய கிளைகளையும் அன்னியமாகக் கருதித் தாக்குகின்றன. தாக்குண்ட சுவர் தடித்து உட்குழாய் குறுகும். சில இடங்களில் அடியோடு அடைபடும். வேறு சில இடங்களில் சுவர் தளர்ந்து புடைக்கும். நோயாளிகளில் பெரும்பாலோர் 40 வயதுக்கு உட்பட்ட பெண்கள். கை மணிக்கட்டில் நாடி கிடைக்காமல் போவதால் 'நாடியில்லா நோய்' என்ற பெயரும் உண்டு. ஜப்பானில் பத்து லட்சம் பேருக்குச் சுமார் 40 பேரிடம் இது காணப்படுகிறது. ஆசியாவில், குறிப்பாக ஜப்பான், கொரியா, சீனா, இந்தியா, துருக்கி ஆகிய நாடுகளில் மேலைநாடுகளைவிட அதிகம்.

இந்தியாவில் இந்நோய் பெரும்பாலும் இளவயதிலேயே வரும் உயர் இரத்த அழுத்தமாக முகம் காட்டுகிறது. ஜப்பானியப் பெண்களுக்குக் கழுத்துக்கும் கைகளுக்கும் போகும் கிளைகளே முதலில் பாதிக்கப்படுவதால் மயக்கமும் பார்வை மங்கலும் முன்னே வரும். இந்தியர்களில் வயிற்றுப் பகுதிப் பெருந்தமனியும் சிறுநீரகத் தமனிகளும் சேர்ந்து பாதிக்கப்படுவது மிகுதி. குருதி குறைவாக வந்துசேரும் சிறுநீரகம், அழுத்தத்தை ஏற்றும் ரெனின் சுரப்பைக் கூட்ட, உடலெங்கும் அழுத்தம் எகிறுகிறது. இங்கே ஆண்களின் பங்கும் ஜப்பானைவிடக் கூடுதல்.

வரலாறு

1908-இல் ஜப்பானின் கனாசவா நகரைச் சேர்ந்த கண் மருத்துவர் மிகிதோ தகாயாசு, 21 வயதுப் பெண் ஒருவரின் விழித்திரையில் நரம்பு வட்டைச் சுற்றி இரத்தக் குழாய்கள் மாலைபோல் பின்னிக் கிடந்ததை மருத்துவர் கூட்டத்தில் விவரித்தார். அதே கூட்டத்தில் பேசிய வேறு இருவர், தாங்கள் பார்த்த இத்தகைய நோயாளிகளுக்குக் கையில் நாடியே இல்லை என்றனர். கண்ணில் தெரிந்த பின்னல், மேலே போகும் குருதி குறைந்ததன் விளைவு என்பது பின்னர்தான் விளங்கியது.

இந்திய மருத்துவர்கள் இந்த நோயைப் பற்றிய அறிவுக்குச் சேர்த்தது மிகப் பெரிது. அது போதிய அளவு பேசப்படுவதில்லை. பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையின் அறுவை மருத்துவர் பி.கே. சென், 1968-இல் இந்தியாவின் முதல் இதய மாற்றுச் சிகிச்சையைச் செய்தவர். அதற்கு ஐந்தாண்டு முன்பே, நோயியலாளர் எஸ்.ஜி. கினரே உள்ளிட்ட குழுவுடன், பெருந்தமனியின் நடுப்பகுதி சுருங்கும் நோயாளிகளைத் தொகுத்து எழுதினார். சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவ நிறுவனத்தின் பி.கே. சர்மா, ஜப்பானிய மருத்துவர் இஷிகாவா வகுத்த கண்டறியும் விதிகளை இந்திய நோயாளிகளுக்குப் பொருந்தும்படி திருத்தினார். தில்லி ஜி.பி. பந்த் மருத்துவமனையில் எஸ். தியாகி பலூன் முறையில் பெருந்தமனியையும் சிறுநீரகத் தமனியையும் விரித்த அனுபவம் உலக அளவில் மேற்கோள் காட்டப்படுகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 88 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1989-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து ஆண்டுகளில் 91 விழுக்காட்டினரும் பத்து ஆண்டுகளில் 84 விழுக்காட்டினரும் உயிருடன் இருந்தனர். கடுமையான இரத்த அழுத்தமும் இதயப் பாதிப்பும் இருந்தவர்களே அதிக ஆபத்தில் இருந்தார்கள்.

அடுத்து வந்தது அளவுகோல். லக்னோ எஸ்.ஜி.பி.ஜி.ஐ. மருத்துவ நிறுவனத்தின் ஆர். மிஸ்ரா, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் தேவாஷிஷ் தண்டா ஆகியோரை உள்ளிட்ட இந்திய வாதநோய் மருத்துவர்கள் உருவாக்கிய 'ஐடாஸ் 2010' என்ற மதிப்பெண் முறையில் 44 கூறுகள் உண்டு. அவற்றில் 33 இதயமும் இரத்தக் குழாய்களும் சார்ந்தவை. நோய் இப்போது கனன்றுகொண்டிருக்கிறதா, பழைய தழும்பு மட்டும் நிற்கிறதா என்பதைப் பிரித்துச் சொல்வது இதன் வேலை. சிகிச்சையின் முடிவெல்லாம் அந்த ஒரு கேள்வியில் தொங்குவதால் இது சிறிய கருவி அல்ல.

நோய் வரும் வழி

அழற்சி தமனிச் சுவரின் வெளியடுக்கில், அந்தச் சுவருக்கே உணவூட்டும் நுண்குழாய்களைச் சுற்றித் தொடங்கி உள்நோக்கி நகர்கிறது. எச்.எல்.ஏ.-பி52 என்ற மரபுக்கூறு உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம் என்று ஜப்பானிலும் இந்தியாவிலும் கண்டிருக்கிறார்கள். காசநோய்க் கிருமிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்ற ஐயம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது; அது நிறுவப்படவில்லை. தகாயாசு தொற்றாது. குடும்பத்தினர் தட்டையும் துண்டையும் தனியே ஒதுக்கிவைக்கத் தேவையில்லை.

அறிகுறிகளும் கண்டறிதலும்

தொடக்கத்தில் லேசான காய்ச்சல், எடை குறைவு, அசதி, மூட்டு வலி. இரத்தசோகை என்றும் மன உளைச்சல் என்றும் மாதக்கணக்கில் மாத்திரை தரப்படும் கட்டம் இதுதான். பிறகு குழாய் குறுகியதன் அடையாளங்கள் வெளிவரும்: தலை பின்னக் கையைத் தூக்கினால் தோள் கடுக்கும், துணி பிழிந்தால் கை சோர்ந்து விழும், கழுத்துத் தமனியைத் தொட்டால் வலிக்கும், எழுந்தால் தலை சுற்றும். சிலருக்கு முதல் அடையாளமே பக்கவாதமாகவோ இதயச் செயலிழப்பாகவோ இருந்துவிடுகிறது.

இவ்வளவுக்கும் வழி காட்டக்கூடிய சோதனை காசு செலவில்லாதது. இரண்டு கைகளிலும் நாடி பார்ப்பது, இரண்டு கைகளிலும் ஒரு காலிலும் இரத்த அழுத்தம் அளப்பது, காறையெலும்புக்கு மேலேயும் வயிற்றிலும் ஸ்டெதாஸ்கோப் வைத்துச் சீற்ற ஒலி கேட்பது. இரு கைகளின் இரத்த அழுத்தத்துக்கும் இடையில் 10 மி.மீ. பாதரசத்துக்கு மேல் வேறுபாடு இருப்பது அமெரிக்க வாதநோய்க் கல்லூரி 1990-இல் வகுத்த ஆறு விதிகளில் ஒன்று. இருபது வயதுப் பெண்ணுக்கு பிரஷர் 170 என்றால், மாத்திரை எழுதும் முன் மறு கையையும் தொட்டுப் பார்ப்பது ஒவ்வொரு மருத்துவரின் கடமை. உறுதிசெய்ய டாப்ளர், சி.டி. அல்லது எம்.ஆர். ஆஞ்சியோ தேவை, அழற்சியின் கனலைக் காண பெட் ஸ்கேன் உதவும். அழற்சியைக் காட்டும் இரத்தச் சோதனைகளான இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் சரியாக இருப்பதாலேயே நோய் அடங்கிவிட்டதாகக் கொள்ள முடியாது. இரத்தச் சோதனை அமைதியாக இருக்கும்போதே குழாய் மேலும் சுருங்குவது உண்டு.

சிகிச்சை

முதல் மருந்து பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு. நாளுக்கு 40 முதல் 60 மி.கி. வரை தொடங்கி மாதங்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். குறைக்கும்போது நோய் திரும்பத் தலைதூக்குவது வழக்கம் என்பதால் மெத்தோட்ரெக்ஸேட், அசத்தியோபிரின், மைக்கோபெனோலேட் ஆகியவற்றில் ஒன்றைத் தொடக்கத்திலேயே சேர்ப்பார்கள். மைக்கோபெனோலேட் இந்நோயில் பலன் தருவதை எடுத்துக்காட்டிய ஆய்வுகளில் வேலூர் சி.எம்.சி.யின் ஆய்வும் ஒன்று. இவற்றுக்கும் அடங்காதபோது டோசிலிசுமாப், இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் போன்ற உயிரிமருந்துகள். டோசிலிசுமாப்பை ஜப்பானில் 36 பேரிடம் சோதித்தபோது நோய் திரும்புவது தள்ளிப்போனது போலத் தெரிந்தாலும் புள்ளியியல் எல்லையை மயிரிழையில் எட்டவில்லை. ஆயினும் 2017-இல் அந்நாடு அனுமதி அளித்தது. அரிய நோய்களில் சான்று இப்படித்தான் சிறுகச் சிறுகச் சேர்கிறது. உயிரிமருந்து தொடங்கும் முன் மறைந்திருக்கும் காசநோயைத் தேடுவது இந்தியாவில் தவிர்க்கவே கூடாத படி.

பலூன், ஸ்டென்ட், மாற்றுப்பாதை அறுவை ஆகியவை நோய் அடங்கிய பிறகே நல்ல பலன் தரும். கனலும் குழாயில் வைத்த ஸ்டென்ட் மீண்டும் அடைபடும் வாய்ப்பு அதிகம். இரண்டு சிறுநீரகத் தமனிகளும் குறுகியவர்களுக்கு எனலாப்ரில் வகை இரத்த அழுத்த மாத்திரைகள் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். ஊர் மாறி மருத்துவர் மாறும்போது இதை மறவாமல் சொல்ல வேண்டும்.

மல்லேஸ்வரத்திலிருந்து

1898-இன் பிளேக்கை ஒட்டி வளர்ந்த பெங்களூரின் மல்லேஸ்வரத்தில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. இங்கே இந்த நோயுடன் வாழ்பவருக்கு இரண்டு வட்டங்கள் தேவை. அருகில், மாத்திரைக்கும் இரத்தச் சோதனைக்கும் திடீர்க் காய்ச்சலுக்கும் ஒரு மருத்துவர்; அரசு கே.சி. ஜெனரல் மருத்துவமனை பகுதியிலேயே இருக்கிறது. தொலைவில், இந்நோயைப் பலமுறை பார்த்த வாதநோய் நிபுணரும் இரத்தக் குழாய் நிபுணரும். கோரமங்களாவின் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் வாதநோய்த் துறை உண்டு. இதயத்துக்கான ஜெயதேவா நிறுவனத்துக்கு, சம்பிகே சாலை நிலையத்தில் பச்சைத் தட மெட்ரோ ஏறி ஆர்.வி. சாலையில் மஞ்சள் தடத்துக்கு மாறினால் அதன் பெயரிலேயே நிறுத்தம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.க்குப் போக, பெங்களூரிலிருந்து சென்னை செல்லும் பல ரயில்கள் காட்பாடியில் நிற்கின்றன. ஸ்கேன் படங்களை ஒரே உறையில், குறுவட்டோடு, தேதி வாரியாக வைத்திருப்பது நிபுணரின் அரைமணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

நாள்தோறும் கவனிக்க வேண்டியவற்றில் தலையாயது, எந்த உறுப்பில் அளந்தால் உண்மையான அழுத்தம் தெரியும் என்பது. இடக்கைத் தமனி அடைபட்டவருக்கு அந்தக் கையில் 100 காட்டும். உள்ளே 190 இருக்கலாம். இரு கைகளும் அடைபட்டால் கால்தான் கதி. பையில் ஒரு சீட்டில் இதைக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிவைப்பது நல்லது. மயங்கி விழுந்தால் வார்டில் முதலில் வருபவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கழுத்துத் தமனிகள் குறுகியவர்களுக்கு அழுத்தத்தைத் திடீரென்று இறக்குவதும் மூளைக்கு ஆபத்து.

மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டும். தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை சிதைந்து உயிரே போகலாம். எந்தக் கிழமை என்று அட்டையிலேயே குறித்துவிட வேண்டும். ஸ்டீராய்டை ஒருநாளும் தானாக நிறுத்தக் கூடாது. முகம் உப்பிவிட்டது, கல்யாணத்துக்குப் பார்க்க வருகிறார்கள் என்று நிறுத்திவிட்டு நெருக்கடியில் சிக்கும் இளம்பெண்கள் உண்டு. அவர்களைக் கடிந்துகொள்வதற்கு முன், முகத்தைப் பற்றி வீட்டார் சொல்லும் சொற்களை நிறுத்த வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு குறைய வேண்டும். கால்சியம், வைட்டமின் டி, சர்க்கரைச் சோதனை, நிமோனியாவுக்கும் இன்ஃப்ளூயன்சாவுக்கும் தடுப்பூசி ஆகியவை மருந்தோடு சேர்ந்தே வரும்.

திருமணமும் மகப்பேறும் விலக்கப்பட்டவை அல்ல. நோய் அடங்கி, அழுத்தம் கட்டுக்குள் இருக்கும் காலத்தைத் தேர்ந்தால் பெரும்பாலோர் நலமாகக் குழந்தை பெறுகிறார்கள். கருவுக்குத் தீங்கு செய்யும் மெத்தோட்ரெக்ஸேட்டும் மைக்கோபெனோலேட்டும் சில மாதங்கள் முன்பே நிறுத்தப்பட்டு, அசத்தியோபிரினுக்கு மாற்றப்பட வேண்டும்; எனலாப்ரில் வகையும் ஆகாது. கர்ப்பகால இரத்த அழுத்த நோய், குழந்தையின் எடைக் குறைவு ஆகிய இரண்டும் இவர்களுக்குக் கூடுதலாக நேர்வதால் மகப்பேறு மருத்துவரும் வாதநோய் மருத்துவரும் முதல் மாதத்திலிருந்தே ஒரே கோப்பைப் பார்த்து நடத்த வேண்டும்.