மொழி முதலில், தொழில் பிறகா? பின்லாந்தின் தொழில்நெறி வழிகாட்டலில் உள்ளூர் மொழியின் இடம்

பின்லாந்துக்குக் குடிபெயர்ந்து வேலை தேடுபவர்களுக்கு உதவும் ஏற்பாடுகளில் எழுதாத வரிசை ஒன்று உண்டு: முதலில் மொழி, பிறகு தொழில். வந்தவரின் பின்னிஷ் மொழித் திறன் அளக்கப்படுகிறது. ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட பொதுச் சட்டகத்தின் ஏ1, ஏ2, பி1 என்ற படிகளில் ஒன்று அவருக்குக் குறிக்கப்படுகிறது. அந்தப் படிக்கேற்ற வகுப்புக்கு அவர் அனுப்பப்படுகிறார். என்ன வேலை, எந்த ஊரில், யாரோடு என்ற கேள்விகளை வகுப்பு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே பெரும்பாலும் மேலோங்குகிறது. 2025 ஜனவரி 1 முதல் புதிய ஒருங்கிணைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதே நாளில் வேலைவாய்ப்புச் சேவைகளும் அரசிடமிருந்து நகராட்சிகளின் பொறுப்புக்கு மாறின. அந்த வரிசையை மறுபடி எண்ணிப் பார்க்க இது தகுந்த வேளை. உள்ளூர் மொழி கற்றல் தொழில்நெறி வழிகாட்டலின் உள்ளடக்கமாகவே இருக்க வேண்டும். எந்த மொழியை, எந்தப் பணிக்காக, எந்த அளவுக்கு என்பதை வழிகாட்டுநரும் வந்தவரும் முதல் சந்திப்பிலேயே சேர்ந்து தீர்மானிக்கத் தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு வலுவான சான்று பின்லாந்திலேயே இருக்கிறது. 1999 மே மாதம் அங்கே நடைமுறைக்கு வந்த சட்டம், வேலையற்ற புதிய குடியேறிகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஒருங்கிணைப்புத் திட்டம் வகுக்க வழி செய்தது. 1997 மே 1க்குப் பிறகு மக்கள்தொகைப் பதிவேட்டில் சேர்ந்தவர்களுக்கே அது கட்டாயமாகப் பொருந்தியது. அந்தத் தேதிக்குச் சற்று முன்னும் பின்னும் வந்தவர்களை ஒப்பிட்டு மட்டி சர்விமாக்கி, காரி ஹமலாய்னன் என்னும் பொருளியலாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு, திட்டத்தின் பயனைப் பெற்றவர்களின் பத்தாண்டு மொத்த வருவாய் 47 விழுக்காடு உயர்ந்ததாகவும், அவர்கள் பெற்ற உதவித்தொகை 13 விழுக்காடு குறைந்ததாகவும் மதிப்பிட்டது. பயிற்சியின் மொத்த அளவு கூடவில்லை என்பதுதான் இதில் முக்கியமானது. எல்லோருக்கும் பொதுவான வேலைதேடல் பயிற்சிகள் குறைந்து, மொழிப் பயிற்சி போன்று குடியேறிகளுக்கென்றே அமைந்தவை கூடின. இந்த முடிவு மொழி வகுப்பின் பலனை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்டுவதில்லை. ஆளுக்கேற்ற திட்டமும் மொழியும் ஒன்றாகச் சேர்ந்தபோது கிடைத்த பலன் இது. ஆகவே இரண்டையும் பிரித்து, ஒன்று முடிந்தபின் மற்றொன்று என்று அடுக்குவதற்கு இந்த ஆய்வில் ஆதாரம் தேட முடியாது.

மொழித் தேவை எவ்வளவு நுணுக்கமானது என்பதைச் செவிலியர் படிப்பில் தெளிவாகக் காணலாம். பின்லாந்தின் பயன்முறைப் பல்கலைக்கழகங்களில் ஆங்கில வழிச் செவிலியர் பட்டப்படிப்புகள் உண்டு. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி செவிலியர் கல்வி குறைந்தது 4,600 மணி நேரம். அதில் பாதியாவது நோயாளிகளோடு நேரடியாகப் பழகும் பயிற்சியாக இருக்க வேண்டும். வகுப்பறை ஆங்கிலம், மருத்துவமனை வார்டு பின்னிஷ். பணிமாற்ற நேரத்தில் முந்தைய செவிலியர் சுருக்கமாகவும் வேகமாகவும் சொல்லும் குறிப்புகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கணினிப் பதிவில் அங்கே வழங்கும் தொடர்களிலேயே எழுத வேண்டும். தொலைபேசியில் விசாரிக்கும் உறவினருக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று தெரிந்து பதில் சொல்ல வேண்டும். எண்பது வயது நோயாளி தம் வட்டாரப் பேச்சில் வலியை எப்படிச் சொன்னாலும் புரிந்துகொள்ள வேண்டும். பாடநூல் கற்பிக்கும் எழுத்து பின்னிஷுக்கும் வார்டில் காதில் விழும் பேச்சு பின்னிஷுக்கும் உள்ள தூரத்தைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. செய்தித்தாள் தமிழை மட்டும் கற்று மதுரைச் சந்தைக்குப் போனவரின் நிலை அது. இந்த நான்கு பணிகளும் நான்கு வெவ்வேறு திறன்களைக் கேட்கின்றன. ஒருவர் கேட்பதில் பி1, எழுதுவதில் ஏ2 என்று இருக்கலாம். ஐரோப்பியச் சட்டகமே மொழியை ‘என்ன செய்ய முடியும்’ என்ற கணக்கில்தான் விவரிக்கிறது; திறன்கள் ஏறியும் இறங்கியும் இருப்பதை அது ஏற்கிறது. ஒற்றை எழுத்தும் எண்ணுமாக அதைச் சுருக்கிவிட்டது நடைமுறைதான். ஒருவருடைய தொழில் இலக்கை அறிந்த வழிகாட்டுநரால் மட்டுமே அந்தச் சுருக்கத்தை மறுபடி விரிக்க முடியும்.

எந்த மொழி என்ற கேள்வியும் அப்படிப்பட்டதே. பின்லாந்தின் தேசிய மொழிகள் இரண்டு: பின்னிஷ், சுவீடிஷ். மேற்குக் கரையில் உள்ள நேர்பெஸ் நகராட்சியில் பெரும்பான்மையோர் சுவீடிஷ் பேசுபவர்கள். தக்காளி விளையும் பசுமைக்குடில்களுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. அங்கே குடியேறிய வியட்நாமியரும் பாஸ்னியரும் வேலைத்தலத்திலும் பள்ளியிலும் சுவீடிஷ் மொழியையே கைக்கொண்டார்கள். பசுமைக்குடில் வேலையில் நிலைக்க விரும்புபவருக்கும், நாளை பின்னிஷ் வழங்கும் தம்பெரே நகருக்குப் போய்ப் பொறியியல் படிக்க விரும்புபவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. தொழிலைப் பற்றிப் பேசாமல் மொழியைத் தேர்ந்தெடுக்கவே முடியாது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

கனடாவில் குடியேறிய பெண்களின் மொழி கற்றலை ஆராய்ந்த போனி நார்ட்டன், ‘ஊக்கம்’ என்ற பழைய கருத்துக்குப் பதிலாக ‘முதலீடு’ என்ற கருத்தை 1995இல் முன்வைத்தார். ஒருவர் மொழியில் உழைப்பைப் போடுவது, அந்த மொழி தமக்கு எந்த அடையாளத்தையும் வாய்ப்பையும் திறக்கும் என்று காண்பதைப் பொறுத்தது. வகுப்பில் வாயே திறக்காதவருக்கு ஆர்வமில்லை என்று முடிவு கட்டுவது எளிது. அவர் தம் நாட்டில் மருந்தாளுநராக இருந்தவர், இங்கே அந்த வாழ்க்கை மீண்டும் கைகூடுமா என்று யாரும் அவரிடம் பேசவில்லை என்றால், அந்த மௌனத்துக்குக் காரணம் வேறு. எதிர்காலத்தைக் கண்முன் வைப்பது வழிகாட்டலின் வேலை. அது நடக்காமல் மொழியில் முதலீட்டை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

வழிகாட்டுநர் மொழியாசிரியர் அல்லரே என்ற மறுப்பு எழும். இலக்கணம் கற்பிக்கும்படி அவரை யாரும் கேட்கவில்லை. பின்லாந்தின் 2014ஆம் ஆண்டுப் பள்ளிக் கலைத்திட்டம் ஒவ்வோர் ஆசிரியரும் தம் பாடத்தின் மொழிக்கும் பொறுப்பாளர் என்று ஏற்றுக்கொண்டது. அந்தப் பொறுப்பைத்தான் வழிகாட்டுநரும் ஏற்க வேண்டும் என்கிறோம். ஆங்கிலத்திலேயே சந்திப்பை நடத்தினால் ஆழம் கிடைக்கிறது, பழக்கம் கிடைக்காமல் போகிறது. பின்னிஷில் மட்டும் நடத்தினால் வந்தவர் புரியாததற்கும் தலையசைத்துவிட்டுப் போகிறார். பத்து நிமிடம் எளிய பின்னிஷில் பேசுவது, சிக்கலான முடிவுகளுக்கு இருவருக்கும் வசதியான மொழிக்கு மாறுவது, அவர் விண்ணப்பிக்கவிருக்கும் வேலையின் பத்துச் சொற்களை ஒரு தாளில் சேர்ந்து எழுதுவது ஆகியவை எந்த வழிகாட்டுநருக்கும் கைவரக்கூடியவை.

ஆங்கிலம் போதும் என்ற வாதம் ஹெல்சிங்கி, எஸ்போ நகரங்களின் மென்பொருள் துறையைக் காட்டி வைக்கப்படுகிறது. இந்தியாவிலிருந்து செல்வோரில் பலர் இத்துறைக்கே போவதால் நமக்கும் இது நெருக்கமான வாதம். முதல் வேலைக்கு அது சரியாகவே இருக்கலாம். ஆனால் 2025இல் வந்த விதிப்படி, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த ஊழியர் வேலை இழந்தால் மூன்று மாதத்துக்குள், சில பிரிவினர் ஆறு மாதத்துக்குள், வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டும். அந்தக் குறுகிய காலத்தில் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்குத் திறந்திருக்கும் கதவுகள் மிகச் சில. வேலை கையில் இருக்கும்போதே இதைப் பேசுவது வழிகாட்டுநரின் கடமை.

வேலைக்கேற்ற மொழி என்று குறுக்கினால் குடியேறிகள் துப்புரவு வேலையிலும் உணவகச் சமையற்கட்டிலுமே தேங்கிவிடுவார்கள் என்ற எச்சரிக்கையை நான் மிகுந்த அக்கறையோடு எடுத்துக்கொள்கிறேன். முதல் வேலையின் மொழியை மட்டும் கற்பிக்கும் திட்டம் அப்படித்தான் முடியும். குடியுரிமைக்குப் பேச்சிலும் எழுத்திலும் பி1 நிலை தேவைப்படும் நாட்டில் அத்தகைய திட்டம் பெரிய அநீதி. அதனால்தான் இந்தப் பொறுப்பைப் பணியமர்த்துபவரிடம் விடாமல் வழிகாட்டுநரிடம் ஒப்படைக்கச் சொல்கிறேன். பணியமர்த்துபவர் பார்ப்பது இன்றைய பணியை. வழிகாட்டுநரால் அடுத்த வேலையையும் அதற்கு அடுத்ததையும் பார்க்க முடியும்.

எல்லாவற்றிலும் கடினமான மறுப்பு, மொழி தெரிந்தும் கதவு திறக்கவில்லையே என்பது. ஹெல்சிங்கியைச் சேர்ந்த சமூகவியலாளர் அக்லாக் அகமது 5,000 விண்ணப்பங்களை அனுப்பி நடத்திய சோதனையின் முடிவுகள் 2020இல் வெளியாயின. விண்ணப்பதாரர்கள் அனைவருக்கும் பின்லாந்துக் கல்வியும் அனுபவமும் சரளமான பின்னிஷும் இருப்பதாகக் காட்டப்பட்டது. வேறுபாடு பெயரில் மட்டும். ஒவ்வொரு பெயர்ப் பிரிவிலும் 1,000 விண்ணப்பங்களில் பின்னிஷ் பெயருக்கு 390 அழைப்புகள், ஈராக்கியப் பெயருக்கு 134, சோமாலியப் பெயருக்கு 99. இந்த எண்களைப் பார்த்தபின் ‘மொழி கற்றால் வேலை வரும்’ என்று வழிகாட்டுநர் வாக்குக் கொடுக்கக்கூடாது. ஆனால் மொழியே வேண்டாம் என்பதற்கு இது சான்றாகாது. மொழியில் மட்டும் பழியைப் போடுவதற்கு எதிரான சான்று இது. வழிகாட்டல் இங்கே பணியமர்த்துபவரை நோக்கியும் திரும்ப வேண்டும். விளம்பரத்தில் ‘சிறந்த பின்னிஷ்’ என்று எழுதும் நிறுவனத்திடம், எந்தப் பணிக்கு, பேசவா எழுதவா, முதல் நாளிலிருந்தா ஆறு மாதத்துக்குப் பிறகா என்று வழிகாட்டுநர் கேட்கலாம். அந்தப் பதிலை வைத்துத்தான் வந்தவரின் மொழித் திட்டத்தை எழுத முடியும். பதில் சொல்ல முடியாத நிறுவனம் தன் விளம்பரத்தைத் திருத்தியாக வேண்டும்.