வடக்கின் குளிர்காலமும் விமானச் சரக்கு விதியும்: லடாக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

2021 ஏப்ரல், மே மாதங்களில் இந்திய விமானப்படையின் சி-17 விமானங்கள் ஆக்சிஜன் டேங்கர்களைச் சுமந்து பறந்தன. சுமந்தவை காலி டேங்கர்கள். நிரப்பிய டேங்கர்கள் ரயிலிலும் சாலையிலும்தான் திரும்பின. மைனஸ் 183 டிகிரியில் இருக்கும் திரவ ஆக்சிஜனைப் பயணிகள் விமானத்திலும் ஏற்றக் கூடாது, சரக்கு விமானத்திலும் ஏற்றக் கூடாது என்பது சிவில் விமானங்களுக்கான சர்வதேச விதி; அதற்குக் கட்டுப்படாத படை விமானங்களும் இங்கு அதையே பின்பற்றின. அதே மே 10ஆம் தேதி இரவு, அன்றைய ஒருங்கிணைந்த சித்தூர் மாவட்டத்துத் திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் அழுத்தம் சில நிமிடங்கள் குறைந்ததில் 11 நோயாளிகள் இறந்ததாக அரசு அறிவித்தது. வர வேண்டிய டேங்கர் தாமதித்திருந்தது.

நெடுஞ்சாலையும் ரயிலும் உள்ள ஊரிலேயே நிலைமை இது. ஜோலார்பேட்டை–பெங்களூரு தடத்தில் இருக்கும் எங்கள் ஊரான குப்பத்துக்கு, விமானம் ஏற்க மறுத்த பொருள் லாரியிலோ ரயிலிலோ ஓரிரு நாள் பிந்தி வந்து சேரும். அந்த மாற்று வழி பனியில் மூடிக்கொள்ளும் ஊர்களுக்கு இதே விதி என்ன செய்கிறது என்பதை லடாக்கின் வரலாற்றை வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

1948 மே 24 அன்று விமானப்படை அதிகாரி மெஹர் சிங் ஓட்டிய டகோட்டா விமானம், ராணுவத் தளபதி திம்மையாவையும் ஏற்றிக்கொண்டு லடாக்கின் லேயில் இறங்கியது. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,250 மீட்டர் உயரத்தில் அந்த ஓடுதளத்தை அமைத்தவர் லடாக்கியப் பொறியாளர் சோனம் நோர்பு. வண்டிச் சாலை எதுவும் லேயை எட்டாத காலம் அது. எல்லைச் சாலைகள் அமைப்பு தொடங்கப்பட்டதே 1960இல்தான். அதுவரை அவசரச் சரக்குக்கு ஆகாயம் ஒன்றே வழி. பறந்தவை பெரும்பாலும் படை விமானங்கள். 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் 3ஆவது பிரிவு, ராணுவ, சுங்க, காவல் விமானங்களைத் தன் வரம்புக்கு வெளியே நிறுத்திவிட்டது. லடாக்கின் பிற்காலச் சரக்கு வரலாற்றைத் தீர்மானித்தது இந்தப் பிரிவுதான் என்பது என் வாதம்.

சிவில் விமானங்களுக்கான அபாயச் சரக்கு விதிகள் வேறு தடத்தில் வளர்ந்தன. விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா 1956இல் தன் முதல் விதித்தொகுப்பை வெளியிட்டது. ஆனால் விதிக்குப் பல் முளைத்தது விபத்துகளுக்குப் பிறகே. 1973 நவம்பர் 3 அன்று பாஸ்டனில் பான் ஆம் நிறுவனத்தின் போயிங் 707 சரக்கு விமானம் நொறுங்கி அதன் ஊழியர் மூவரும் இறந்தனர். நைட்ரிக் அமிலக் கண்ணாடிப் புட்டிகளைப் பெட்டிக்குள் மரத்தூளில் புதைத்து அனுப்பியிருந்தார்கள். நிமிர்த்தி வைக்க வேண்டிய பெட்டிகளில் சில படுக்க வைக்கப்பட்டிருந்தன. கசிந்த அமிலம் மரத்தூளில் பட, கிளம்பிய புகை விமானி அறையை மூடியது. 1981இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு சிகாகோ உடன்படிக்கைக்கு அபாயச் சரக்கு பற்றிய 18ஆவது இணைப்பை ஏற்றுக்கொண்டது. அது 1984 ஜனவரி 1 முதல் செயல்பட்டது. 1996 மே மாதம் ஃப்ளோரிடா சதுப்பில் வேல்யூஜெட் விமானம் விழுந்து 110 பேர் இறந்தனர். காலாவதியான ஆக்சிஜன் உற்பத்திக் கருவிகளைக் 'காலி' என்று எழுதி ஏற்றியிருந்தார்கள். 2010இல் துபாயில் யூபிஎஸ் சரக்கு விமானம் எரிந்து விழுந்தது. சரக்கில் ஏராளமான லித்தியம் பேட்டரிகள் இருந்தன. 2016 ஏப்ரல் 1 முதல், தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயனி பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றத் தடை வந்தது.

இந்த விதிகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் பிணங்கள் இருக்கின்றன. கேள்வி வேறு. விதி எழுதியவர்கள் மனத்தில் இருந்தது எந்த ஊர்? ஒரு பொருளைப் பயணிகள் விமானம் மறுத்தால் சரக்கு விமானம் ஏற்கும், அதுவும் மறுத்தால் கப்பலோ லாரியோ இருக்கிறது என்ற நம்பிக்கை விதிகளின் பொருள் அட்டவணை முழுக்க ஓடுகிறது. சமையல் எரிவாயுவை எடுத்துக்கொள்வோம். பயணிகள் விமானத்தில் அடியோடு தடை. சரக்கு விமானத்தில் ஒரு பொதிக்கு 150 கிலோ வரை போகலாம். பெட்ரோல், பயணிகள் விமானத்தில் பொதிக்கு 5 லிட்டர், சரக்கு விமானத்தில் 60. மண்ணெண்ணெய் 60, 220. லேக்கு வழக்கமாக வரும் சிவில் விமானங்களோ பெரும்பாலும் பயணிகள் விமானங்கள். அவையும் காற்று எழும்பும் முன் காலையிலேயே வந்து திரும்பியாக வேண்டும். மெல்லிய காற்றில் சுமையையும் குறைத்தாக வேண்டும். 'சரக்கு விமானத்தில் மட்டும்' என்ற ஆரஞ்சு நிற ஒட்டுச்சீட்டு மும்பையில் ஒரு நிபந்தனை. ஜனவரி மாத லேயில் அது தடையுத்தரவு.

வட அமெரிக்கா இதை எப்படிக் கையாண்டது என்று பார்ப்பது பயன்தரும். கனடாவின் நுனாவுட் பகுதியில் 25 குடியிருப்புகள். அவற்றில் எதற்கும் வெளியூர்ச் சாலை கிடையாது. கோடையில் கப்பல் வரும், மற்ற மாதங்களில் விமானம் மட்டுமே. ஆகவே கனடாவின் அபாயச் சரக்கு விதிகளின் 12ஆம் பகுதி, விமானத்தைத் தவிர வேறு வழியற்ற இடங்களுக்கென்று தனிச் சலுகையை நிபந்தனைகளோடு விதிக்குள்ளேயே எழுதிவைத்திருக்கிறது. அமெரிக்க விதி, அலாஸ்காவில் கால அட்டவணைப்படி இயங்காத சிறு பயணிகள் விமானம் 76 லிட்டர் வரை எரிபொருள் எடுத்துச் செல்லலாம் என்று அளவையே சொல்லிவிடுகிறது.

இந்தியாவின் விதி 2003இல் வந்தது: வானூர்தி (அபாயகரப் பொருள்கள் ஏற்றிச் செல்லல்) விதிகள். மிகுந்த அவசரத்திலோ, வேறு போக்குவரத்து பொருந்தாத நிலையிலோ, முழுமையாகப் பின்பற்றுவது பொதுநலனுக்கு மாறானபோதோ விலக்கு அளிக்கலாம் என்று 18ஆவது இணைப்பே அரசுகளுக்கு இடம் தருகிறது. நம் விதியும் அந்த அதிகாரத்தை விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரிடம் கொடுத்தது. ஆனால் உத்தரவு கேட்டுப் பெறும் விலக்கும், விதியிலேயே எழுதிய உரிமையும் ஒன்றாகா. எண்ணெய் நிறுவனத்துக்கு உத்தரவு வாங்கத் தெரியும். லே கடைத்தெருவில் செல்போன் பழுதுபார்க்கும் கடைக்காரர் பத்து பேட்டரிக்காக எந்த அலுவலகத்துக்குப் போவார்?

லடாக் சமாளித்தது வேறு இரண்டு வழிகளில். ஒன்று, கோடையிலேயே குளிர்காலத்துக்கான மண்ணெண்ணெய், எரிவாயு, டீசல் எல்லாவற்றையும் லாரிகளில் கொண்டுபோய்ச் சேர்த்துவைப்பது. கொண்டுபோன டீசலும் குளிரில் உறைந்தது. மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019இல்தான் அறிமுகப்படுத்தியது. மற்றொன்று விமானப்படை. 1984 ஏப்ரலில் சியாச்சினில் படை ஏறிய பிறகு, அங்கு பனி உருக்கவும் சமைக்கவும் குளிர்காயவும் வேண்டிய மண்ணெண்ணெய் ஆகாய வழியேயும் போகிறது. நம் வேலூர், சித்தூர்ப் பக்கத்துச் சிப்பாய்கள் அங்கிருந்து விடுப்பில் வந்தால் அந்த ஸ்டவ் புகையைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதில்லை. சிவில் விதி படை விமானத்தைக் கட்டுப்படுத்தாது. படைக்கென்று அதன் சொந்த விதிகள் உண்டு. குளிர்காலத்தில் கார்கிலுக்குப் பறக்கும் விமானப்படையின் ஏஎன்-32 கூரியர் விமானமும் அந்த வகையே. ஆக, கனடா விதிக்குள் வைத்த கதவை இந்தியா விதிக்கு வெளியே வைத்தது.

அதனால் அரசுக்குத் தேவையானது போய்ச் சேர்ந்துவிடுகிறது. குடிமகனின் சில்லறைத் தேவைகள் நின்றுவிடுகின்றன: பெயின்ட் டப்பா, இன்வெர்ட்டர் பேட்டரி, சூரியசக்தி விளக்கின் லித்தியம் செல். அட்டவணை அனுமதிக்கும் சிறு அளவுகளுக்குக்கூடப் பயிற்சி பெற்றவர் கையொப்பமிட்ட அறிவிப்பும் தரச்சான்று பெற்ற பெட்டியும் வேண்டும். ஒரு சிறு வியாபாரிக்கு அது பொருளின் விலையைவிடப் பெரிய செலவு.

நிலைமை மாறாமலும் இல்லை. லேக்குச் செல்லும் சாலையிலுள்ள சோஜி லா கணவாய் முன்பெல்லாம் ஏறத்தாழ நவம்பரிலிருந்து மே வரை அடைபட்டுக் கிடந்தது. 2023இல் 68 நாள், 2025இல் 32 நாள் என்று அடைப்பு சுருங்கிவிட்டது. 13 கிலோமீட்டருக்கும் நீளமான சுரங்கப்பாதை முடிந்தால் லேயின் சிக்கல் பெரும்பாலும் தீரும். தொலைவில் கிடக்கும் சிற்றூர்களுக்கு அது போதாது.

1934ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் கீழ் அபாயச் சரக்கு விதிகளைத் திருத்தும்போது, சாலை அடைபடும் காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்தும் நிலையான ஒரு பிரிவை, என்னென்ன பொருள், எவ்வளவு, எந்த வகை விமானத்தில் என்ற அளவுகளோடு, விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் சேர்க்க வேண்டும். அலாஸ்காவின் 76 லிட்டர் விதி முன்மாதிரியாகக் கையருகிலேயே இருக்கிறது.