யாரை யார் விரட்டுவது?

மயில்துத்தம் கரைத்த நீரில் இரும்பு ஆணியைப் போட்டால் அதன்மேல் செம்பு படியும். பள்ளி ஆய்வகத்தில் பலரும் பார்த்ததுதான். 11-ஆம் நூற்றாண்டுச் சீனாவில் இது பெருந்தொழில். சோங் அரசுக்குக் காசு அடிக்கச் செம்பு போதவில்லை. செம்புச் சத்துள்ள ஊற்று நீரில் இரும்புத் தகடுகளை ஊறப்போட்டு, படிந்ததைச் சுரண்டி உருக்கினார்கள். இரும்பே செம்பாகிறது என்று ரசவாதிகள் பலர் நம்பினார்கள். உண்மையில் இரும்பு தான் கரைந்து, செம்பை வெளியே தள்ளியது.

எது எதைத் தள்ளும் என்று 1718-இல் பாரீசில் அட்டவணை போட்டவர், மருந்து வணிகர் மகனான ஜியோஃப்ருவா. ஐரோப்பா முழுக்க அதைப் பார்த்துப் புதுப்புது அட்டவணைகள் முளைத்தன. சுவீடனின் பெரிமன் அதைப் பன்மடங்கு பெரிதாக்கினார். இலக்கியமும் விட்டுவைக்கவில்லை. ஒரு தம்பதியின் வீட்டுக்குள் இன்னும் இருவர் வந்ததும் மனப்பிணைப்புகள் இடம் மாறுவதை, 1809-இல் ஜெர்மானியக் கவிஞர் கதே இந்த வேதியியலை இரவல் வாங்கியே நாவலாக்கினார்.

அதற்கு இரண்டாண்டு முன்பு, லண்டனில் ஹம்ஃப்ரி டேவி உருக்கிய பொட்டாஷில் மின்சாரம் பாய்ச்சியிருந்தார். வெளிவந்த உலோகத் துளிகள் காற்றுப் பட்டதுமே எரிந்தன. அவர் அறைக்குள் துள்ளிக் குதித்ததாக உதவியாளரான உறவினர் எழுதிவைத்தார். அதுதான் பொட்டாசியம். எந்தப் பட்டியலும் இவ்வளவு முரட்டு உலோகத்தை அதுவரை கண்டதில்லை.

1869-இல் மெண்டலீவின் தனிம அட்டவணை வந்தபின் இந்த முரட்டுத்தனத்துக்கு ஒரு திசை தெரிந்தது. இடது ஓரத்தில் லித்தியம், சோடியம், பொட்டாசியம் என்று கீழே இறங்க இறங்க வேகம் கூடுகிறது: வெளி எலக்ட்ரான் கருவிலிருந்து விலகிப்போவதால் எளிதில் கழல்கிறது. வலப்புறம் ஹாலஜன்களில் நேர்மாறு. எலக்ட்ரானைப் பறிப்பதே அவற்றின் வேலை. அணு சிறிதாக இருந்தால் பிடி இறுகும். அதனால் உச்சியிலுள்ள ஃபுளூரினே மூர்க்கம்.

அந்த ஃபுளூரினை 1886-இல் முதன்முதலில் பிரித்த முவாசானிடம், புதிதாகக் கிடைத்த ஆர்கான் என்னும் மந்த வாயுவை வேதியியலாளர் ராம்சே அனுப்பிவைத்தார். இரண்டும் சேரவில்லை. மந்த வாயுக்கள் எதோடும் சேராது என்பது பாடமாகிவிட்டது. ஒரே தோல்வி ஒரு குடும்பத்தையே பூட்டிவைத்தது எனக்கு இன்னும் வியப்பு.

1962-இல் வான்கூவரில் நீல் பார்ட்லெட், பிளாட்டினம் ஹெக்ஸாஃபுளூரைடு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பறிப்பதைக் கண்டார். ஆர்கானுக்கு இரண்டு படி கீழே இருக்கும் செனானிலிருந்து பறிக்கவும் ஏறத்தாழ அதே ஆற்றல்தான் வேண்டும். கலந்தார், செந்நிற ஆவி மஞ்சள் திடப்பொருளானது. அதே ஆண்டு சிகாகோ அருகே ஓர் ஆய்வகத்தில் செனானையும் ஃபுளூரினையும் ஒரு நிக்கல் கலத்தில் அடைத்துச் சூடாக்கினார்கள். இரண்டும் நேரடியாகவே சேர்ந்துகொண்டன.