70 வருடப் பழைய சாமுராய் படங்களை இப்போது ஏன் பார்க்க வேண்டும்? எதிலிருந்து தொடங்கலாம்?

'சாமுராய்' என்றதும் நம்மில் பலருக்கு 2002-ல் வந்த விக்ரம் படம் ஞாபகம் வரும். இளைய தலைமுறைக்கு, 2024-ல் 18 எம்மி விருதுகளை அள்ளிய 'ஷோகன்' தொடரோ, 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' வீடியோ கேமோ நினைவுக்கு வரலாம். அந்த கேமில் 'குரோசாவா மோட்' என்று ஒரு வசதி உண்டு. அதை ஆன் செய்தால் போதும், திரை முழுக்க கறுப்பு வெள்ளையாகி, பழைய ஃபிலிம் போல மாறிவிடும்.

1998-ல் இறந்துபோன இயக்குநர் அகிரா குரோசாவாவின் பெயர் இன்றைய கேமில் ஒரு பட்டனாக இருக்கிறது என்றால், அவருடைய படங்களில் அப்படி என்னதான் இருக்கு? ஜப்பானிய மொழி, கறுப்பு வெள்ளை, அதில் ஒன்று கிட்டத்தட்ட மூன்றரை மணி நேரம். வேலை முடிந்து வந்து வீட்டில் உட்கார்ந்து பார்க்கக் கூடிய சமாச்சாரமா இது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சாமுராய் படம் என்றால் என்ன?

1868-க்கு முந்தைய காலத்தில் நடக்கும் கதைகளை ஜப்பானில் 'ஜிடாய்கெகி' என்கிறார்கள். நம்ம ஊர் 'சரித்திரப் படம்' மாதிரி. அதில் வாள்சண்டை தூக்கலாக இருந்தால் 'சன்பரா'. வாளும் வாளும் மோதும் சத்தத்திலிருந்து வந்த சொல் அது.

சாமுராய் என்பது வெறும் தொழில் அல்ல, பிறப்பால் வரும் அந்தஸ்து. வாள் ஏந்தும் உரிமை, பிரபுவிடம் இருந்து வரும் சம்பளம் எல்லாம் அதோடு சேர்ந்தவை. பிரபு வீழ்ந்துவிட்டால் சம்பளமும் போய்விடும். அப்படி எஜமானன் இல்லாமல் அலைபவன்தான் 'ரோனின்'. இந்தப் படங்களின் நாயகர்களில் பெரும்பாலானோர் ரோனின்கள்தான். இடுப்பில் வாள் இருக்கும், அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு வழி இருக்காது.

பொற்காலம் ஏன் 1950-களில் வந்தது?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானை அமெரிக்கா ஆக்கிரமித்திருந்தது. 1952 வரை நீடித்த அந்த ஆட்சி, எஜமான விசுவாசத்தையும் பழிவாங்கலையும் கொண்டாடும் வாள்சண்டைப் படங்களுக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. கட்டுப்பாடு நீங்கியதும், அடக்கி வைத்திருந்த கதைகள் எல்லாம் வெளியே வந்தன. ஆனால் போரில் தோற்ற ஒரு தலைமுறை இப்போது அதே கதையை வேறு மாதிரி சொன்னது. 'விசுவாசம், வீரம், மானம் என்று சொல்லி நம்மை எங்கே கொண்டுபோய் விட்டார்கள்?' என்ற கேள்வி பல படங்களுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

மக்களும் தியேட்டருக்குக் குவிந்தார்கள். 1958-ல் ஜப்பானில் விற்ற சினிமா டிக்கெட்டுகள் சுமார் 112 கோடி. மக்கள்தொகை அப்போது 9 கோடி சொச்சம். தலைக்கு வருடத்துக்கு 12 படம் என்று கணக்கு வரும். அப்புறம் டிவி வந்தது. 1965-ல் டிக்கெட் விற்பனை சுமார் 37 கோடி. ஏழே வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு. நாம் இன்று 'கிளாசிக்' என்று சொல்லும் படங்களில் பெரும்பாலானவை, இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒட்டிய 15 வருடங்களில் வந்தவை.

வெறும் வாள்சண்டைதானா?

இல்லை. மூன்று படங்களை எடுத்துக்கொள்வோம்.

'செவன் சாமுராய்' (1954) கதை ஒரு வரிதான். அறுவடையைக் கொள்ளையடிக்க வரும் 40 பேரிடமிருந்து ஊரைக் காக்க, விவசாயிகள் ஏழு பேரை வேலைக்கு வைக்கிறார்கள். கூலி, மூன்று வேளை அரிசிச் சோறு. அந்த ஏழு பேரில் தொஷிரோ மிஃபுனே நடிக்கும் கிகுசியோ உண்மையில் சாமுராய் குலம் இல்லை, விவசாயி மகன். எங்கேயோ கிடைத்த வம்சாவளிச் சுருளைக் காட்டி, 'நானும் சாமுராய்தான்' என்கிறான். அந்தச் சுருளின் கணக்குப்படி அவனுக்கு வயது 13. தாடி வைத்த ஆளைப் பார்த்து எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

காட்சி சிரிப்புதான், ஆனால் அந்த வயதை வைத்துக் கணக்குப் போட்டால் கதை நடப்பது 1586-ல். இரண்டே வருடத்தில், 1588-ல், தொயோதோமி ஹிதெயோஷி விவசாயிகளிடம் இருந்த வாள்களை எல்லாம் பறிமுதல் செய்ய உத்தரவிட்டார். அதன்பின் விவசாயி விவசாயியாகவும், சாமுராய் சாமுராயாகவும் இருக்க வேண்டியதுதான். இத்தனைக்கும் ஹிதெயோஷியே எளிய குடும்பத்தில் பிறந்து மேலே வந்தவர். ஏறியவர் ஏணியை எடுத்துவிட்டார். கிகுசியோ, அந்தக் கதவு சாத்தப்படும் முன் உள்ளே நுழையப் பார்த்த கடைசி ஆட்களில் ஒருவன். பிறப்பால் ஒதுக்கப்படுவது என்றால் என்ன என்று தெரிந்த யாருக்கும் மிஃபுனேவின் கோபத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது.

இன்னொன்றையும் கவனியுங்கள் (கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்). ஏழு பேரில் நான்கு பேர் இறக்கிறார்கள். ஒருவர்கூட வாளுக்குப் பலியாகவில்லை, நால்வரையும் கொல்வது துப்பாக்கி. வாள் வித்தையின் உச்சத்தில் இருப்பவனும் தூரத்திலிருந்து வரும் ஒரு குண்டில் விழுகிறான்.

மசாகி கொபயாஷியின் 'ஹராகிரி' (1962) இதைவிடக் கடுமை. கதை நடப்பது 1630-ல். போர்கள் ஓய்ந்து, பல பிரபு வம்சங்கள் கலைக்கப்பட்டு, ரோனின்கள் தெருவுக்கு வந்துவிட்ட நேரம். வறுமையில் நொந்துபோன இளைஞன் ஒருவன் ஒரு பெரிய வீட்டு வாசலில் வந்து, 'வயிற்றைக் கிழித்து மானத்தோடு சாக இடம் கொடுங்கள்' என்கிறான். இரக்கப்பட்டுக் காசு கொடுத்து அனுப்புவார்கள் என்று நினைத்திருப்பான். அவர்களோ 'சொன்னதைச் செய்' என்கிறார்கள். அவனிடம் இருப்பது மூங்கில் வாள். நிஜ வாள் எப்போதோ விற்றுப் பசியாறப் போய்விட்டது. பெரிய நிறுவனங்கள் 'மரபு, கௌரவம்' என்று பேசிக்கொண்டே எளியவனை எப்படி நசுக்கும், பிறகு அதைப் பதிவேட்டில் எப்படி மாற்றி எழுதும் என்பதுதான் படம்.

'யோஜிம்போ' (1961) இவற்றுக்கு நேர் எதிரான மனநிலை. இரண்டு ரவுடி கும்பல்கள் ஆளும் ஊருக்கு வரும் ஒரு ரோனின், இரு பக்கமும் கூலி பேசி, இருவரையும் மோதவிடுகிறான். சிரித்துக்கொண்டே பார்க்கலாம்.

ஏற்கெனவே பார்த்த மாதிரி இருக்கே?

இருக்கும். 'செவன் சாமுராய்' ஹாலிவுட்டில் 'தி மேக்னிஃபிசன்ட் செவன்' (1960) ஆனது. ஊரைக் காக்க ஆள் பிடிக்கும் அந்த உத்தியின் சாயல் 'ஷோலே'யிலும் (1975) உண்டு. 'யோஜிம்போ'வை அனுமதி பெறாமல் செர்ஜியோ லியோனே 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' (1964) ஆக எடுக்க, வழக்கு சமரசத்தில் முடிந்து, வசூலில் 15% பங்கு ஜப்பான் தரப்புக்குப் போனது. 'ஸ்டார் வார்ஸ்' (1977) உருவானதில் 'தி ஹிடன் ஃபோர்ட்ரெஸ்' (1958) படத்துக்குப் பங்கு உண்டு என்பதை ஜார்ஜ் லூகாஸே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

தமிழுக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. காட்டில் ஒரு சாமுராய் கொல்லப்பட, ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்லும் 'ரஷோமோன்' (1950), வெனிஸில் தங்கச் சிங்கம் விருது வாங்கிய படம். அதன் பாதிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கியதுதான் பாடல்களே இல்லாத 'அந்த நாள்'. அது வெளியானது 1954 ஏப்ரல் 13. அதே மாதம் 26-ம் தேதி ஜப்பானில் 'செவன் சாமுராய்' வெளியானது.

வீட்டில் பார்க்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

- நீளம்: 'செவன் சாமுராய்' 207 நிமிடம். வெளிநாடுகளுக்கு வெட்டிச் சுருக்கி அனுப்பிய பிரதிகளும் உண்டு. நேரத்தைச் சரிபார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். படத்திலேயே இடைவேளை இருப்பதால் இரண்டு நாளாகப் பிரித்தும் பார்க்கலாம்.
- டிவி செட்டிங்: 'விவிட்' மோடையும் அசைவை வழவழப்பாக்கும் மோஷன் வசதியையும் அணைத்துவிடுங்கள். 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' மோட் நல்லது. 1950-களின் முற்பகுதிப் படங்கள் கிட்டத்தட்டச் சதுரமாகத்தான் இருக்கும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் கோளாறு இல்லை, இழுத்து நிரப்ப வேண்டாம்.
- போன்: முடிந்தவரை தவிருங்கள். இந்தப் படங்களில் சண்டையைவிட சண்டைக்கு முந்தைய அமைதி முக்கியம். 'சஞ்சுரோ'வின் (1962) கடைசி மோதலில் இருவர் அசையாமல் நிற்பதுதான் நீளம், வாள்வீச்சு ஒரே நொடி. நோட்டிஃபிகேஷன் பார்க்கக் குனிந்தால் போச்சு.
- சப்டைட்டில்: தமிழில் கிடைப்பது அரிது, ஆங்கிலம்தான். வசனம் குறைவு என்பதால் பழகிவிடும்.
- எங்கே கிடைக்கும்?: இந்தியாவில் உரிமங்கள் கைமாறிக்கொண்டே இருப்பதால், 'ஜஸ்ட்வாட்ச்' போன்ற தேடல் தளத்தில் அன்றன்றைக்குப் பார்ப்பதே வழி. பலரும் பரிந்துரைக்கும் கிரைட்டீரியன் சேனல் அமெரிக்கா, கனடாவுக்கு மட்டும்தான். 'செவன் சாமுராய்' படத்தை 2024-ல் 4கே தரத்தில் புதுப்பித்திருக்கிறார்கள். அந்தப் பிரதி கிடைத்தால் விடாதீர்கள்.

எந்த வரிசையில் பார்க்கலாம்?

1. யோஜிம்போ (110 நிமிடம்): புதிதாகத் தொடங்குபவர்களுக்கு. பிடித்திருந்தால் மறுநாளே அதே நாயகன் வரும் சஞ்சுரோ (96).
2. தி ஹிடன் ஃபோர்ட்ரெஸ் (139): குடும்பத்தோடு பார்க்க. புதையல், இளவரசி, பேராசை பிடித்த இரண்டு விவசாயிகள்.
3. செவன் சாமுராய் (207): ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒதுக்குங்கள்.
4. த்ரோன் ஆஃப் பிளட் (110): ஷேக்ஸ்பியரின் 'மெக்பெத்' ஜப்பானியக் கோட்டைக்குள். பனிமூட்டத்துக்காகவே விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.
5. ஹராகிரி (133): கடைசியாக. மூங்கில் வாள் காட்சியைத் தாங்குவது கடினம், குழந்தைகளோடு வேண்டாம். முதல் நான்கிலும் சாமுராய்களை ரசித்துவிட்டு இதற்கு வந்தால்தான், நாம் ரசித்த அந்த 'மானம்' என்ற சொல்லை இந்தப் படம் எப்படிப் பிரித்துப் போடுகிறது என்பது முழுதாகப் புரியும்.