பனோரமா: விளிம்பை மறைத்த சொல்

'பனோரமா' என்றதும் மலை உச்சியில் ஒரு வியூ பாயின்ட், போனை இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்தும் ஒரு கை என்று ஏதாவது நினைவுக்கு வரும். கிரேக்கத்தில் 'பான்' என்றால் எல்லாம், 'ஹோராமா' என்றால் காட்சி. ரெண்டையும் ஒட்டினால் 'முழுக்காட்சி'. பார்த்தால் பழைய சொல் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் பண்டைய கிரேக்கர்களுக்கு இப்படியொரு சொல் இருந்ததில்லை. 1790களின் தொடக்கத்தில், லண்டனில் காசு வாங்கிக்கொண்டு காட்டிய ஒரு ஓவியத்துக்காக உருவாக்கிய பெயர் இது.

உருவாக்கிக் காட்டியவர் ராபர்ட் பார்க்கர். அயர்லாந்தில் பிறந்து, எடின்பரோவில் உருவப்படம் வரைந்து பிழைத்தவர். அந்த ஊரின் கால்டன் குன்றில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினால் நகரம், கோட்டை, கடல் எல்லாம் தெரியும். தட்டையான சட்டகத்துக்குள் அது அடங்காது. சரி, திரைச்சீலையையே வட்டமாக வளைத்து, பார்ப்பவரை நடுவில் நிறுத்திவிட்டால்? யோசனை எளிது, கணக்குதான் கஷ்டம். உருளைப் பரப்பில் நேர்கோட்டை நேராகவே வரைந்தால் நடுவில் நிற்பவருக்கு அது வளைந்து தெரியும். நேராகத் தெரியவேண்டுமென்றால் வளைத்து வரையவேண்டும்.

1787 ஜூனில் பார்க்கர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அப்போது வைத்த பெயர் பிரெஞ்சில். 'ஒரே பார்வையில் இயற்கை' என்று பொருள். அந்த ஆவணத்தில் ஓவியத்தைவிடக் கட்டடத்தைப் பற்றிய பேச்சுதான் எனக்கு சுவாரசியம். ஒரு சாஃப்ட்வேர் டிசைன் டாக்குமென்ட் மாதிரியே இருக்கும். வெளிச்சம் மேலிருந்து மட்டும் வரவேண்டும். பார்வையாளர் ஓவியத்தை நெருங்காதபடி நடுவில் தடுப்பு வேண்டும். திரையின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் கண்ணில் படவே கூடாது. வாசல் சுவரில் இருந்தால் காட்சி அறுபடும், அதனால் ஆட்கள் கீழிருந்து ஏறி வரவேண்டும். எல்லாவற்றையும் காட்டுவதாகச் சொல்லும் ஒரு சாதனம், எதையெல்லாம் மறைப்பது என்ற பட்டியலோடுதான் பிறந்திருக்கிறது.

1793-ல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் இதற்கென்றே ஒரு வட்டக் கட்டடம் எழும்பியது. கூட்டம் அள்ளியது. மற்றவர்களும் இறங்கினார்கள். நகலெடுப்பதற்கே ஜெராக்ஸ் என்று நாம் சொல்லப் பழகியது போல, பார்க்கரின் சரக்குக்கான பெயர் எல்லோருக்கும் பொதுவானது. அப்புறம் ஓவியத்திலிருந்து இறங்கி, நிஜ மலைக்கும் நிஜக் கடலுக்கும் பெயரானது. இயற்கையைப் போலச் செய்த போலியின் பெயரை நாம் இயற்கைக்கே வைத்துவிட்டோம்.

இந்தக் கதை நம் பக்கமும் வருகிறது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்து திப்பு சுல்தான் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற ஓவியர் அந்த முற்றுகையை ஏறக்குறைய 120 அடி நீளத்துக்கு வரைந்து லண்டனில் காட்சிக்கு வைத்தார். இது முழுவட்டம் இல்லை, அரைவட்டம். அவர் அதுவரை இந்தியாவுக்கே வந்ததில்லை. படத்தின் நாயகர்கள் ஜெனரல் டேவிட் பேர்டும் பிரிட்டிஷ் அதிகாரிகளும். அந்தப் போரில் மதராஸ் படையின் சிப்பாய்களும் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள், ஆனால் அந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது அவர்களில் ஒருவர் பெயரும் அடிபடாது. பார்க்க வந்தவர் நின்றது முற்றுகையிட்டவர்கள் பக்கம். கோட்டைக்குள் இருந்தவருக்கு அன்று என்ன தெரிந்திருக்கும் என்பதற்கு அந்த 120 அடியில் இடமில்லை. மூல ஓவியம் இன்று இல்லை, அதைப் பார்த்துச் செய்த அச்சுப்படங்கள்தான் மிச்சம்.

பார்க்கர் ஏமாற்றுக்காரர் இல்லை. மனிதக் கண்ணால் ஒரே நேரத்தில் பார்க்க முடியாததைக் கட்டடம் கட்டிக் காட்டினார், அது பெரிய காரியம். பிரச்சினை அந்த 'பான்' என்ற முன்னொட்டில்தான். 'எல்லாம்' என்று சொல்லிவிட்டால், நிற்கும் இடத்தை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இன்று அந்த வட்டக் கட்டடத்தின் வேலையை போன் செய்கிறது. வரிசையாக எடுத்த படங்களைத் தைத்து, ஒட்டுப்போட்ட இடம் தெரியாமல் மழுப்பி, ஓரங்களை வெட்டி நேராக்கிக் கொடுக்கிறது. நடுவில் யாராவது குறுக்கே நடந்தால் மட்டும் அந்த ஆள் பாதியாகவோ இரண்டாகவோ விழுவார். நாம் உடனே அந்தப் படத்தை அழித்துவிடுகிறோம். எனக்கென்னவோ, இருப்பதில் உண்மையான பனோரமா அதுதான் என்று தோன்றுகிறது.