கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? புது பேட்டரி வாங்கும் முன் இதைச் சோதியுங்கள்

விடுமுறைக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பியவர், வாசலில் நிற்கும் காரின் சாவியைத் திருப்புகிறார். ‘டிக் டிக்’ என்ற ஓசை மட்டும் வருகிறது. மறுநாள் காலையில் வேலைக்குப் போக வேண்டும். உடனே ஒரு தொலைபேசி அழைப்பு. வீடு தேடி வருபவர் புது பேட்டரியை மாட்டிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போகிறார். பல நேரங்களில் அது சரியான முடிவாகவே அமைகிறது. ஆனால் கோளாறு ஆல்டர்னேட்டரில் இருந்தால், புது பேட்டரியும் ஓரிரு நாளில் படுத்துவிடும். டெர்மினல் தளர்ந்திருந்தது மட்டுமே காரணம் என்றால், செலவே தேவையில்லை.

முதல் தடயம் சத்தம்தான். டாஷ்போர்டு விளக்குகள் மங்கி, ‘டிக் டிக் டிக்’ என்று வேகமாகத் தட்டும் ஒலி கேட்டால் பேட்டரியில் மின்சாரம் குறைந்திருக்கலாம், அல்லது டெர்மினல் இணைப்பு சரியில்லாமல் இருக்கலாம். விளக்குகள் பளிச்சென்று எரிய, ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டரைச் சந்தேகிக்க வேண்டும். இன்ஜின் வழக்கமான வேகத்தில் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்வதில் பயனில்லை. பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார்களில் சாவிக்குள் இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்துபோயிருக்கவும் கூடும். பெரும்பாலான மாடல்களில் அந்தச் சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டி வைத்து, பிரேக்கை மிதித்து அழுத்தினால் கார் எழும்பிவிடும்.

அடுத்து பானெட்டைத் திறந்து பார்க்க வேண்டும். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி படிந்திருக்கிறதா, கையால் அசைத்தால் ஆடுகிறதா? ஆடினால் இறுக்கிவிட்டு மறுபடியும் முயலலாம். பொடியைச் சோடா மாவு கரைத்த நீரில் பழைய பல் துலக்கியை நனைத்துத் தேய்த்து அகற்றலாம். பேட்டரியின் பக்கங்கள் புடைத்திருந்தாலோ, அழுகிய முட்டை வாடை அடித்தாலோ அதில் கை வைக்கக் கூடாது. ஜம்ப் ஸ்டார்ட்டும் வேண்டாம்.

உறுதியான விடை தருவது மல்டிமீட்டர். ஹார்டுவேர் கடைகளில் இருபது, முப்பது வெள்ளிக்கே கிடைக்கும். கார் சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு அளந்தால், முழு சார்ஜ் உள்ள பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6-க்கும் கீழே சரிந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று பொருள். ஆனால் சார்ஜ் இறங்கிய நல்ல பேட்டரியும் அப்படிச் சரியக்கூடும். ஆகவே சார்ஜ் ஏற்றிவிட்டுச் சோதிப்பதே நியாயம்.

ஜம்பர் கேபிள் போட்டு இன்ஜினை ஓடவிட்ட பிறகு மறுபடியும் அளப்பதுதான் பலர் விட்டுவிடும் படி. 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. 12-லேயே நின்றால் புது பேட்டரி வாங்கிப் பயனில்லை. கார் பட்டறைக்குப் போக வேண்டும். இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழைய வித்தை இன்னும் சில இடங்களில் உண்டு. அது இன்றைய கார்களின் கணினிப் பெட்டியையே எரித்துவிடலாம்.

ஜம்ப் செய்யும் வரிசை முக்கியம். சிவப்புக் கேபிளை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸிலும், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்ஸிலும் மாட்ட வேண்டும். கறுப்புக் கேபிளின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸில். மறுமுனை செத்த காரின் இன்ஜினில் பெயின்ட் பூசாத இரும்புப் பகுதியில். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு எளிதில் தீப்பற்றும். அதனால்தான் அந்த இணைப்பு பேட்டரிக்கு எட்டி இருக்க வேண்டும் என்கிறார்கள்.

பேட்டரிதான் குற்றவாளி என்று தெரிந்துவிட்டால், பழையதில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போகலாம். 46பி24எல் என்று இருந்தால், 24 அதன் நீளம் சென்டிமீட்டரில். கடைசியில் உள்ள எல் அல்லது ஆர் என்ற எழுத்து பிளஸ் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லும். அது மாறினால் வயர் எட்டாது. சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் தானாக அணையும் கார்களுக்கு இ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். வகை தேவை, விலை குறைவென்று சாதாரண பேட்டரியைப் போட்டால் நெடுநாள் தாங்காது. நம் நாட்டு வெயிலில் இரண்டு, மூன்று ஆண்டு உழைத்திருந்தால் அந்தப் பேட்டரி தன் கடமையைச் செய்துவிட்டது.

மாற்றும் வேலைக்குப் பெரும்பாலும் ஒரு 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும். அதற்கு முன் மோதிரம், காப்பு, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். உலோகம் பிளஸ்ஸையும் காரின் உடலையும் ஒருசேரத் தொட்டால் நொடியில் பழுத்து, கையைச் சுட்டுவிடும். கழற்றும்போது மைனஸ் முதலில். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். சிறிய கார் பேட்டரியே சுமார் 10 கிலோ கனக்கும். சாய்க்காமல் தூக்க வேண்டும். பிடிமானக் கம்பியை இறுக்க மறந்தால், குலுங்கிக் குலுங்கியே புது பேட்டரி சீக்கிரம் கெடும். மின்சாரம் அறுந்ததால் கடிகாரமும் ரேடியோவும் பழைய நிலையை மறந்திருக்கும். தானியங்கிக் கண்ணாடிகளை மறுபடி பழக்க வேண்டியிருக்கலாம். ஹைபிரிட் கார் என்றால் ஆரஞ்சு நிற வயர்களை நெருங்கவே கூடாது.

பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. ஈயமும் கந்தக அமிலமும் உள்ள அது, 2005-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிமுறைப்படி மலேசியாவில் அட்டவணையிடப்பட்ட கழிவு. ஈயத்துக்கு மதிப்பு இருப்பதால் கடைக்காரர்களே அதை வாங்கிக்கொண்டு விலையில் கழிப்பார்கள். சொல்லும் விலை பழையதைக் கழித்த பிறகா, அதற்கு முன்பா என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.